பட்டினப்பாலை காட்டும் நகரக் கூட்டுறவு

பத்துப்பாட்டினுள் ஒன்பதாவதாக நிற்பது பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழன் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய இப்பாட்டு 301 அடிகளால் ஆயது. பொருள் தேடப் புறப்படுமாறு தூண்டிய நெஞ்சைத் தலைவன் மறுத்துரைப்பதாக அமைந்தமையால் இது பாலைத் திணையின் பாற்படும். காவிரிப்பூம்பட்டினத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வருவதில்லை என்பது அவன் கூற்று. இக்கருத்தைச் சொல்ல மூன்று அடிகள் போதும். ஆனால் அதற்கு முன்னே 217 அடிகளில் அப்பட்டினத்தின் வளம் விரித்துரைக்கப்படுகிறது. பின்னே கரிகாலனின் வீரமும் ஆட்சியும் வருகின்றன.

காதலைச் சொல்ல வந்த பாட்டில் நகரத்துக்கு இத்தனை இடம் எதற்கு? இக்கேள்விக்கு வகுப்பறைகளில் இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. அரசனைப் புகழ்ந்து பரிசில் பெறுதல் புலவர் நோக்கம். ஆகவே அவன் தலைநகரைப் புகழ்ந்தார் என்பது ஒன்று. இப்பாட்டுக்குக் கரிகாலன் 16 நூறாயிரம் பொன் அளித்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறுவதையும் இவ்விடைக்குத் துணையாகக் காட்டுவர். நகரத்தின் பெருமை எவ்வளவு உயர்கிறதோ, அதனை வேண்டாம் என்று தள்ளும் காதலின் பெருமையும் அவ்வளவு உயரும் என்பது மற்றொன்று. இரண்டும் பொருத்தமான விடைகளே. எனினும் இரண்டும் ஒரு கேள்வியைத் தொடாமல் விடுகின்றன. அந்நகரத்தின் பெருமை எத்தகைய பெருமை? அது எங்கிருந்து வந்தது?

இக்கேள்வி பழம்பொருள் ஆராய்ச்சியோடு நின்றுவிடுவது அன்று. இன்றைய நகரங்கள் பலவும் நாடு கடந்த கூட்டமைப்புகளில் இடம் பெற முயல்கின்றன. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 2004ஆம் ஆண்டில் படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ முதல் இலக்கிய நகரமாயிற்று. 2015இல் சிங்கப்பூர் வடிவமைப்பு நகரமாகவும், 2017இல் சென்னை இசை நகரமாகவும், 2021இல் கூச்சிங் உணவுக்கலை நகரமாகவும், 2023இல் கோழிக்கோடு இலக்கிய நகரமாகவும் அதில் சேர்ந்தன. இன்று 350க்கு மேற்பட்ட நகரங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு நகரமும் சேரும்பொழுது, இதனால் விளையும் நன்மை யாது என்ற கேள்வி எழுகிறது. சுற்றுலா, புகழ், வாணிகம் என்று விடைகளும் வருகின்றன. சங்கப் புலவர் ஒருவர் இக்கேள்விக்கு என்ன விடை கூறியிருப்பார் என்று பார்ப்பது வீண்முயற்சி ஆகாது. பட்டினப்பாலையைப் பாடமாக நடத்துவோர்க்கு அது பெரிதும் பயன்படும்.

அரசன் தோன்றாத நகரம்

மதுரைக்காஞ்சியையும் பட்டினப்பாலையையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துரைக்கிறார். மதுரையை அவர் காட்டும் முறை பொழுதை ஒட்டியது. பகல் அங்காடி, மாலை அங்காடி, இரவின் யாமங்கள், விடியல் என்று ஒரு நாள் முழுவதும் நகரத்துக்குள்ளே நடந்து சென்று காட்டுகிறார். நகரம் தன்னுள் நிறைந்து நிற்பதாகத் தோன்றுகிறது.

உருத்திரங்கண்ணனார் வழி வேறு. அவர் பாட்டு நகரத்தில் தொடங்கவில்லை; காவிரியில் தொடங்குகிறது. வெள்ளிக்கோள் திசை மாறி வானம் பொய்த்தாலும் தான் பொய்யாது மலையிலிருந்து கடல்வரை வரும் ஆற்றோடு புலவரும் வருகிறார். கழனிகள், கரும்பாலைகளின் புகை, தோப்புகள், உப்புக்கு மாற்றாகப் பெற்ற நெல்லைச் சுமந்துவந்த படகுகள், அன்னம் இடும் அறச்சாலைகள், தவத்தோர் இருக்கும் சோலைகள், பரதவர் குடியிருப்பு என்று உள்நாட்டிலிருந்து கரையை நோக்கி நகர்கிறது பாட்டு. கடற்கரை வந்தவுடன் எதிர்ப்புறத்திலிருந்து பொருள்கள் வரத் தொடங்குகின்றன. ஆறு கொணர்வதும் கடல் கொணர்வதும் சந்திக்கும் இடமே பட்டினம். இரண்டு வழிகள் கூடும் இடமாகவே நகரத்தை அவர் காண்கிறார்.

இந்த நீண்ட நகரப் பகுதியில் கரிகாலன் நேரில் தோன்றுவதில்லை என்பதையும் கருத வேண்டும். அவனுடைய புலிச் சின்னம் கதவில் இருக்கிறது, மூட்டைகளில் பொறிக்கப்படுகிறது. அவன் பொருளைக் காக்கும் சுங்கப் பணியாளர் இருக்கின்றனர். அவ்வளவே. அரண்மனையைப் புலவர் வருணிக்கவில்லை. அரசனைப் புகழ்வதே முழு நோக்கம் என்று கொண்டால் இதற்கு விளக்கம் கிடைப்பது அரிது. அரசன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்க, மற்றவர்கள் வந்து போகும் இடமாக நகரம் விளங்குகிறது என்று கொண்டால் விளக்கம் எளிதாகிறது.

மிகையும் கணக்கும்

இப்பாட்டு மிகைபடக் கூறுவது. இதனைக் கொண்டு நகர வாழ்வை அளவிட முடியாது என்று சிலர் கூறுவர். நெல்லைக் கவரவந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிவதும், அக்காதணி சிறுவர் உருட்டும் சிறுதேருக்குத் தடையாய்க் கிடப்பதும் உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. அறச்சாலையில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுவதும் அத்தகையதே.

ஆயினும் மிகை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துப் பார்த்தல் திறனாய்வின் கடமை. செல்வத்தின் அளவைச் சொல்லும்பொழுது புலவர் மிகைபடச் சொல்கிறார். வாணிகத்தின் முறையைச் சொல்லும்பொழுது அவர் நடை மாறுகிறது. கடைத்தெருவில் குவிந்த பொருள்களின் பட்டியலில் அணிகள் குறைவு. கடல்வழி வந்த குதிரை, மூட்டை மூட்டையாக மிளகு, வடமலையின் மணியும் பொன்னும், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கையின் விளைபொருள், காவிரியின் விளைபொருள், ஈழத்து உணவு, காழகத்துச் செல்வம் என்று இடமும் பொருளுமாக நிரல்பட வைத்துச் செல்கிறார். ஏறத்தாழ ஒரு கணக்கர் ஏட்டைப் போன்றது அப்பகுதி. கற்பனை பறக்கத்தக்க இடத்தில் புலவர் கணக்கெழுதுகிறார் என்றால், அவர் கண்ட காட்சி அவரை அடக்கிவைத்தது என்றே கொள்ள வேண்டும்.

புறச்சான்றுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடற் பெரிப்ளஸ் என்னும் கிரேக்க நூல், தமிழகத்துக் கீழைக்கரைத் துறைகளுள் ஒன்றாகக் கமரா என்பதைக் குறிக்கிறது. கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் பெருங்கலங்களையும் குறிக்கிறது. தாலமி கபேரிஸ் என்னும் வாணிகத் துறையைச் சுட்டுகிறார். இவை காவிரிப்பூம்பட்டினத்தையே குறிப்பன என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. 1960களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள குவான் லுக் பாட் என்னுமிடத்தில், பொன் உரைத்துப் பார்க்கும் கல் ஒன்று தமிழ்ப் பிராமி எழுத்தோடு கிடைத்துள்ளது. அது பெரும்பதன் என்பானுடைய கல் என்று அவ்வெழுத்துக் கூறுகிறது. பொற்கொல்லன் ஒருவனின் கையிலிருந்த சிறு கருவி, புலவரின் பட்டியல் வெறுங்கனவு அன்று என்பதற்குச் சான்றாகிறது.

நிரல்நிறையில் ஒரு நுட்பம்

மேற்கூறிய பட்டியலை மனப்பாடம் செய்விப்பது பள்ளிகளில் வழக்கம். தேர்வில் கேட்கத் தக்க பகுதி அது. ஆனால் மனப்பாடத்தோடு நின்றுவிட்டால் அதன் நுட்பம் கைநழுவிப் போகும்.

காவிரியின் விளைபொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் காவிரிக்கு அவ்வளவு உயர்ந்த இடம் தந்த புலவர், கடைத்தெருவுக்கு வந்தவுடன் அதனைப் பட்டியலின் தலையில் வைக்கவில்லை. கங்கைக்கும் ஈழத்துக்கும் இடையில், பத்துடன் ஒன்றாக வைத்துவிடுகிறார். சொந்த நாட்டு விளைவு, சந்தைக்கு வந்தபின் மற்ற நாட்டு விளைவுகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது. தன் நாட்டைத் தாழ்த்தாமலும் பிற நாட்டைத் தாழ்த்தாமலும் ஒரு நகரம் உலகத்தோடு சேரும் முறை இதுவே.

காழகம் என்பது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கொண்டார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் பர்மாவைச் சார்ந்த நிலமாகக் கருதுவர். உரையாசிரியரின் கருத்து ஏற்கப்படுமாயின், இன்றைய கெடா மாநிலத்து நிலம் பட்டினப்பாலையில் இடம் பெற்றதாகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் மகிழ்ச்சி ஆராய்ச்சியின் எல்லையை மீறலாகாது. மிளகு, முத்து, பவளம் என்று பெயர் சொன்ன புலவர், காழகத்திலிருந்து வந்தது யாது என்று பெயர் சொல்லவில்லை. ஆக்கம் என்று பொதுவாகவே சொன்னார். அவர் சொல்லாததை நாட்டுப் பெருமைக்காகச் சேர்த்துரைப்பது முறையன்று.

கூட்டுறவைத் தாங்கும் நான்கு தூண்கள்

பொருள் வந்து குவிவது விளைவு. அது வருவதற்குக் காரணமானவற்றையும் புலவர் காட்டியுள்ளார். அவை நான்காகத் தொகுக்கத் தக்கன.

முதலாவது, இருவழிப் போக்கு. கடலில் முகந்த நீரை மலையில் பொழிந்தும், மலையில் பொழிந்த நீரைக் கடலில் சேர்த்தும் வரும் மழையைப் போல, நீரிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து நீருக்கும் பொருள்கள் ஓயாது மாறிச் செல்கின்றன என்கிறார். உவமை வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். தேனீ, எறும்பு, களஞ்சியம் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவையெல்லாம் சேர்த்து வைப்பதற்கு உவமையாகும். மழையோ வாங்கியதைத் திருப்பித் தருவது. கொள்ள மட்டும் வரும் நகரத்தை உலகம் நெடுநாள் பொறுக்காது என்பது இதனுள் அடங்கிய கருத்து.

இரண்டாவது, காவல். சுங்கப் பணியாளர் கதிரவனின் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல ஓய்வின்றிப் பணி செய்கின்றனர். அளவிடற்கரிய பண்டங்கள் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டு வெளியில் கிடக்கின்றன. மூட்டைகளின் மேல் நாயும் ஆடும் ஏறி விளையாடுகின்றன. இக்காட்சியைச் சிரிப்புக்காகச் சேர்த்ததாகக் கருதலாகாது. கோடிக்கணக்கான பொருள் முற்றத்தில் கிடக்க, அதன்மேல் விலங்குகள் விளையாடும் அளவுக்கு அச்சமின்மை நிலவுகிறது என்பதே கருத்து. தொலைநாட்டு வணிகன் ஒருவன் தன் மூட்டையை அயல்நாட்டுக் கரையில் விட்டுவிட்டு உறங்கச் செல்வதற்கு அந்தப் பொறியே பிணை.

மூன்றாவது, வணிகர் நேர்மை. நுகத்தடியின் நடுவில் நிற்கும் ஆணியைப் போல இருபுறமும் சாயாத நெஞ்சினர். பழிக்கு அஞ்சி மெய் பேசுவோர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக எண்ணுவோர். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் விற்போர் என்று அவர்களைப் புலவர் போற்றுகிறார். அரசனின் முத்திரை துறையைக் காக்கும். தராசைக் காப்பது வணிகன் மனம். இரண்டில் ஒன்று தவறினும் கப்பல் அடுத்த துறையை நாடிப் போய்விடும்.

நான்காவது, மொழி. குற்றமற்ற தம் நாடுகளை விட்டு வந்த பல மொழி பேசும் மக்கள், விழாவுக்கு வந்து கூடிய சுற்றத்தார் போலக் கலந்து இனிது வாழ்கின்றனர் என்று கூறி, நகர வருணனையைப் புலவர் முடிக்கிறார். முத்தையும் பவளத்தையும் சொல்லி முடித்திருக்கலாம். மக்களைச் சொல்லி முடித்தார். 217 அடிகளின் உச்சி அதுவே. வந்தவர்களுடைய நாடு பழியற்றது என்று அடைகொடுத்திருப்பது மிகவும் எண்ணத் தக்கது. பஞ்சத்துக்கு ஓடிவந்தவர், பிழைக்க வழியற்றவர் என்று அவர்களை அவர் தாழ்த்தவில்லை. அவர்கள் விட்டு வந்த நாட்டுக்கும் மதிப்புத் தந்த பின்பே தம் நகரத்தில் அவர்களுக்கு இடம் தருகிறார்.

புலம்பெயர் என்ற சொல் இன்று அயல்நாடு சென்ற தமிழரைக் குறிக்கப் பெருவழக்காக ஆளப்படுகிறது. பட்டினப்பாலையில் அச்சொல் தமிழ்நாட்டுக்கு வந்த அயலாரைக் குறித்தது. ஒரே சொல் காலப்போக்கில் விருந்தோம்பியவனை விட்டு விருந்தினனிடம் வந்து சேர்ந்துவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்வடிகளைப் படிக்கும்பொழுது, இருபக்கத்திலிருந்தும் அவற்றைப் பொருள் கொள்ள முடியும். வேறெந்த வகுப்பறைக்கும் எளிதில் கிட்டாத வாய்ப்பு அது.

ஆசிரியர் ஏற்றிய கொடி

பட்டினத்தில் பறக்கும் கொடிகளைப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். கோயிலில் ஒரு கொடி. வழிபாட்டுக்கு ஒரு கொடி. கப்பலின் பாய்மரத்தில் ஒரு கொடி. கள்ளுக் கடையில் ஒரு கொடி. இவற்றினிடையே நூற்பயிற்சி மிக்க நல்லாசிரியர்கள் சொற்போருக்கு அழைத்து ஏற்றிய கொடியும் பறக்கிறது. வாதம் செய்ய விரும்புவோர் எந்நாட்டினராயினும் வரலாம் என்பதே அக்கொடியின் பொருள். துறைமுகத்தில் பண்டம் இறங்குவதுபோலக் கருத்தும் இறங்கியது. கள்ளுக் கடைக்குக் கொடி இருந்த ஊரில் கல்விக்கும் கொடி இருந்தது என்று நகைச்சுவையாகச் சொல்லி மேலே செல்வோர் உளர். சற்றே நின்று எண்ணினால், உலகக் கூட்டுறவால் ஒரு நகரம் பெறும் நன்மைகளுள் இதனைவிடப் பெரியது உண்டா என்று கேட்கத் தோன்றும்.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதையும் இதற்கு அரண் செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகனான அவன், கலம் உடைந்து நாகர் வாழும் இடத்தில் கரையேறினான். அவனைக் கொன்று தின்ன வந்த நாகரிடம் அவர்கள் மொழியிலேயே அவன் பேசினான். அம்மொழியறிவு அவன் உயிரைக் காத்தது. பின்னர் அவர்கள் தலைவனுக்கு அறம் உரைத்து, பொருளும் பெற்று, ஊர் திரும்பினான். பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த நகரத்தில் பிறந்தவனுக்கு அந்நகரம் கொடுத்த சீதனம் பிறமொழி அறிவு எனலாம்.

பாட்டின் மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின் பாட்டின் பிற்பகுதியை மறைப்பது நேர்மையாகாது. கலந்தினிது வாழும் நகரத்தைப் பாடிய அதே புலவர், அடுத்துவரும் அடிகளில் கரிகாலனால் அழிந்த பகைவர் ஊர்களைப் பாடுகிறார். விழா நடந்த மன்றங்கள் பாழ்பட்டுப் பேய்கள் உலவும் இடங்களாகின்றன. நெற்கூடுகள் இருந்த வீடுகளில் ஆந்தை அலறுகிறது. அவ்வூர்களிலும் முன்பு வணிகர் இருந்திருப்பர். பல மொழி கேட்டிருக்கும். ஒரு நகரத்தின் வாழ்வுக்காக மற்ற நகரங்கள் அழிய வேண்டுமா என்ற கேள்வியைப் புலவர் எழுப்பவில்லை. வீரத்தைப் போற்றிய காலத்தின் வழக்கு அது என்று அமைதி கூறலாம். ஆயினும் இன்று படிப்போர்க்கு அவ்விடம் உறுத்தத்தான் செய்யும். உறுத்த வேண்டும். காடு அழித்து நாடாக்கியதும் குளம் தொட்டதும் உறந்தையை விரிவாக்கியதும் உடன் பேசப்படுவதால் அவ்வுறுத்தல் தணியலாம், நீங்காது.

பிற்கால வரலாறும் இந்த இருபக்கத்தையும் காட்டுகிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அங்கே வெட்டப்பட்ட குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவின் காவலில் வைத்தமையைக் கூறுகிறது. ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தார். முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்தது நகரக் கூட்டுறவின் இனிய கனி. ஆனால் 1025ஆம் ஆண்டில் அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. நட்பின் வழியே சென்ற கப்பல்கள் அதே வழியில் படையையும் கொண்டு சென்றன. அதன் பின்னரும் வணிகர் உறவு அறவே அற்றுவிடவில்லை. 1088இல் சுமத்திராவின் பாரூசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு தமிழ்க் கல்வெட்டு நாட்டியது. 1281இல் சீனத்துச் சுவான்சௌவில் சிவன் கோயில் ஒன்றைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. படை ஒருமுறை வந்து போயிற்று. வணிகர் மீண்டும் மீண்டும் வந்தனர்.

மலாக்காவின் வரலாறு இன்னும் அண்மையது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர், தென்னிந்தியா, வங்காளம், பெகு முதலிய இடத்தார்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தாரின் வழக்கறிந்த ஒருவரைத் துறைமுக அதிகாரியாக வைத்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தங்கிய போர்த்துக்கீசியரான தொமே பிரேஸ், மலாக்காவில் 84 மொழிகள் கேட்டதாக எழுதினார். உருத்திரங்கண்ணனார் கண்ட காட்சியின் மறுபதிப்பு அது. 1511இல் போர்த்துக்கீசியர் அந்நகரைக் கைப்பற்றினர். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் முசுலிம் வணிகர் பலர் ஆச்சே முதலிய துறைகளை நாடிச் சென்றனர். கூட்டுறவைக் கோட்டையோடு சேர்த்துப் பிடிக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அளவுகோல்

ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008ஆம் ஆண்டில் சேர்ந்தே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றன. நகரங்கள் இவ்வாறு உலக அமைப்புகளில் சேர்வது நன்மையே. பழங்கட்டடங்கள் காக்கப்படுகின்றன, கலைஞர்கள் நாடுவிட்டு நாடு செல்கின்றனர், ஒரு நகரம் செய்த பிழையை மற்றொரு நகரம் அறிந்து தவிர்க்க முடிகிறது. படைப்பாக்க நகரங்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாம் செய்தவற்றை அறிக்கையாகத் தர வேண்டும் என்ற விதியும் நல்ல விதி.

ஆயினும் பட்டம் வேறு, பட்டினம் வேறு. பட்டினப்பாலை தரும் நான்கு அளவுகளால் அளந்து பார்த்தாலன்றி நன்மை எவ்வளவு என்று தெரியாது. ஒரு நகரம் உலகிலிருந்து பெறுவதோடு உலகுக்குத் தருவது யாது? வந்தவன் பொருளும் உயிரும் அங்கே அச்சமின்றி இருக்கின்றனவா? கொடுக்கல் வாங்கலில் நேர்மை உண்டா? பிறமொழி பேசுவோன் அங்கே கலந்து இனிது வாழ்கிறானா, ஒதுங்கி வாழ்கிறானா? இசை நகரம் என்ற பெயரால் சென்னையின் எந்தத் தெருவில் எந்த இசைக்கு இடம் கிடைத்தது என்று கேட்கலாம். இலக்கிய நகரமான கோழிக்கோட்டிலிருந்து மலையாள நூல்கள் எத்தனை மொழிகளுக்குச் சென்றன, எத்தனை மொழி நூல்கள் அங்கே வந்தன என்று கேட்கலாம். அம்மழை உவமையே கேட்கச் செய்யும் கேள்விகள் இவை. கேட்பது குறை கூறுவது ஆகாது.

காவிரிப்பூம்பட்டினமும் நிலைக்கவில்லை. இந்திர விழாவை மறந்தமையால் கடல் அதனைக் கொண்டது என்று மணிமேகலை கூறும். காரணத்தை ஏற்பதும் ஏலாமையும் படிப்போர் உரிமை. ஆயினும் விழா என்பது பல நாட்டாரும் பல குடியினரும் கூடும் இடம் என்று பட்டினப்பாலையே கூறுவதை நினைத்தால், அக்கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருப்பது விளங்கும். கூடுவதை மறந்த நகரம் அழியும். நகரம் அழிந்தபின்னும் உறவு அழியவில்லை. நாகப்பட்டினம் அதனை ஏற்றுக்கொண்டது.

இனித் தலைவனின் சொல்லுக்கு வரலாம். இத்தனை சிறப்புடைய பட்டினம் கிடைப்பதாயினும் வாரேன் என்கிறான் அவன். நகரத்தின் பெருமையை 217 அடிகளில் அறிந்து சொன்னவனே அதனை மறுக்கிறான். உலகத்தோடு சேர்வதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் புலவர் மறைக்கவில்லை. கப்பலேறுகிறவன் ஒருத்தியைக் கரையில் விட்டே ஏறுகிறான். அங்காடியில் குவிந்த ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னும் ஒரு பிரிவு இருக்கிறது. பாலைத் திணையில் நகரத்தைப் பாடியதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. வாணிகப் பாட்டும் பிரிவுப் பாட்டும் வெவ்வேறு அல்ல.

ஆகவே பட்டினப்பாலையைப் பழம்பெருமைப் பட்டியலாகக் கற்பிப்பது அந்நூலுக்குச் செய்யும் குறை. பொருள்களின் பெயர்களை மாணவர் ஒப்பிக்கட்டும்; அதன்பின் அம்மூட்டைகள் எவ்வாறு அஞ்சாமல் வந்தன, கொணர்ந்தவர் யார், எதை விட்டுவிட்டு வந்தார், வந்த இடத்தில் எவ்வாறு நடத்தப்பட்டார் என்றும் கேட்கட்டும். அக்கேள்விகளுக்கு விடை தேடும் பிள்ளை சங்க இலக்கியத்தையும் கற்கும். தான் வாழும் நகரத்தையும் கற்கும்.